கொலைகார வைரஸ்களுக்கு வேக்ஸின் பண்ற வேலைக்கு வரணும்னு இருக்கா? எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்றேன்

கேரளால நிபான்னு நியூஸ் வந்தா போதும், ரெண்டு மூணு நாள்ல எனக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும், "அண்ணா நான் பிளஸ் டூ பயாலஜி, எனக்கு வைராலஜிஸ்ட் ஆகி வேக்ஸின் கண்டுபிடிக்கணும், என்ன கோர்ஸ் எடுக்கறது"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி டைப் பண்ணி, சொல்ல வேண்டியதுல பாதி விட்டுப் போகுது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். நான் மைக்ரோபயாலஜி படிச்சு, வைரஸ் லேப்ல பிஎச்டி முடிச்சு, இப்பவும் அதே வேலைலதான் இருக்கேன், அதனால இது உள்ள இருந்து பார்த்து எழுதறது.

கோர்ஸ் பத்தி அப்புறம் வர்றேன். முதல்ல இந்த வேலை என்னன்னு புரிஞ்சுக்கங்க, ஏன்னா நிறைய பேர் மனசுல இருக்கற படம் வேற. விண்வெளி டிரெஸ் மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டு ஒருத்தர் வைரஸோட மல்லுக்கட்டி ஒரு ராத்திரில மருந்து கண்டுபிடிக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு வர்றாங்க. எபோலா கதையைப் பாருங்க. கனடால வின்னிபெக் நகரத்துல இருக்கற அரசாங்க லேப்ல ஒரு வேக்ஸின் பண்ணாங்க, மாடு, குதிரைக்கு வர்ற விஎஸ்வின்னு ஒரு வைரஸை எடுத்து, அதோட மேல்புரதத்துக்கான ஜீனை எடுத்துட்டு எபோலாவோட மேல்புரத ஜீனை வச்சாங்க, அவ்வளவுதான் ஐடியா. 2005ல அதைக் குரங்குகளுக்கு ஒரே ஒரு டோஸ் போட்டு எபோலா கொடுத்துப் பார்த்தா எல்லாம் பிழைச்சிருச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. கிட்டத்தட்ட பத்து வருஷம் அது ஃப்ரீசர்ல கிடந்தது. ஏன்னா எபோலா எப்பவாவது ஆப்பிரிக்க கிராமத்துல வந்துட்டுப் போற நோய், அதை வாங்க ஆளில்ல, மனுஷங்ககிட்ட டெஸ்ட் பண்ணக் காசு போட கம்பெனி இல்ல. 2014ல மேற்கு ஆப்பிரிக்கால அது பரவி ஆயிரக்கணக்குல ஆளுங்க சாக ஆரம்பிச்ச பிறகுதான் எல்லாரும் ஓடினாங்க, மொத்தத்துல 11,000 பேருக்கு மேல செத்தாங்க. 2015ல கினி நாட்டுல, நோய் வந்தவரைச் சுத்தி இருக்கறவங்க, அவங்களைச் சுத்தி இருக்கறவங்கன்னு வட்டம் போட்டு ஊசி போட்டாங்க, பெரியம்மையை ஒழிச்ச அதே வழி. ஊசி போட்டுக்கிட்ட 5,837 பேர்ல பத்து நாள் தாண்டின பிறகு ஒருத்தருக்குக் கூட எபோலா வரல. 2019 கடைசிலதான் ஐரோப்பாவும் அமெரிக்காவும் முறைப்படி அனுமதி கொடுத்தாங்க.

இதை ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, இந்த வேலைக்கு வர்றவங்க முதல்ல ஏத்துக்க வேண்டியது இதைத்தான். நீங்க பண்றது சரியா இருந்தாலும் அது பத்து வருஷம் ஃப்ரீசர்ல தூங்கலாம். அப்படித் தூங்கினதாலதான் 2015ல எடுத்துப் போட ஒண்ணு கைல இருந்தது. இந்த ரெண்டையும் சேர்த்து மனசுல வச்சுக்க முடிஞ்சா நீங்க இந்த வேலைக்கு ஆள்.

அடுத்தது, வேக்ஸின்ங்கறது ஒரு ஆள் பண்ற விஷயம் இல்ல. அது ஒரு தேர், வடம் பிடிக்க நிறைய கை வேணும். குழந்தைங்க வயித்துப்போக்கைத் தடுக்கற நம்ம நாட்டு ரோட்டாவேக் வேக்ஸின் கதையே போதும். 1980கள்ல டெல்லி எய்ம்ஸ்ல எம்.கே. பான்னு ஒரு குழந்தை டாக்டர், புதுசாப் பிறந்த குழந்தைங்க சிலதுக்கு ரோட்டா வைரஸ் இருந்தும் வயித்தாலப் போகாம நல்லா இருக்கறதைக் கவனிச்சார். அந்தக் குழந்தைங்ககிட்ட இருந்து எடுத்த 116ஈங்கற வைரஸ்தான் பின்னாடி வேக்ஸின் ஆச்சு. பாரத் பயோடெக் அதை தயாரிச்சாங்க (அதை ஆரம்பிச்ச கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணிப் பக்கம் பிறந்தவர், படிச்சது விவசாயம்). டெல்லி, புனே, வேலூர்னு மூணு ஊர்ல 6,799 குழந்தைகளை வச்சு பெரிய டிரையல் நடந்தது, வேலூர் சி.எம்.சி.ல ககன்தீப் காங் டீம் அதுல முக்கியமான பங்கு. கடைசில 2016ல அரசாங்க தடுப்பூசி திட்டத்துக்குள்ள வந்தது. முதல் கவனிப்புல இருந்து 30 வருஷம். தீவிரமான வயித்துப்போக்கைத் தடுக்கற திறன் முதல் வருஷத்துல சுமார் 56 சதவீதம்தான், ஆனா இத்தனை குழந்தைங்க பிறக்கற நாட்டுல அந்த 56 எத்தனை வீட்டை அழாம காப்பாத்தும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால என்ன படிக்கறதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி வடத்துல எந்த இடத்துல நிக்கப் போறீங்கன்னு கேளுங்க. ஊருக்குள்ள போயி நோயைக் கண்டுபிடிச்சு வைரஸைப் பிரிச்செடுக்கறது ஒரு இடம். 1957ல கர்நாடகா ஷிமோகா காட்டுல குரங்கு செத்து விழறதைப் பார்த்துதான் புனேல இருந்து போனவங்க கியாசனூர் காட்டு நோயைக் கண்டுபிடிச்சாங்க, அது அந்த வகை வேலை. வைரஸோட எந்தப் புரதத்தைக் காட்டினா உடம்பு நல்லா எதிர்க்கும்னு டிசைன் பண்றது இன்னொரு இடம், இதுக்கு ஸ்ட்ரக்சுரல் பயாலஜி, கம்ப்யூட்டர் எல்லாம் வேணும். எலில, குரங்குல, மனுஷ ரத்தத்துல ஆன்டிபாடி எவ்வளவு வந்திருக்குன்னு அளக்கற இம்யூனாலஜி இன்னொண்ணு. ஒரு ஃபிளாஸ்க்ல வர்றதை ஆயிரம் லிட்டர் டேங்க்ல வரவைக்கற தயாரிப்பு வேலை தனி உலகம், பி.டெக் பயோடெக், கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவங்க அங்க ராஜா. டிரையல் நடத்தறது, அனுமதிக்கு ஃபைல் ரெடி பண்றது, இதுவும் வேக்ஸின் வேலைதான், இங்க நல்ல ஆள் ரொம்பக் கம்மி. 2008ல தயாரிப்புத் தர விதிகளுக்கு (ஜிஎம்பின்னு சொல்வாங்க) ஏத்த மாதிரி இல்லன்னு குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், கிண்டி பிசிஜி லேப், ஹிமாச்சல் கசௌலி இன்ஸ்டிடியூட்னு தடுப்பூசி தயாரிக்கற மூணு அரசு நிறுவனத்துக்கும் லைசென்ஸை நிறுத்தி வச்சாங்க, 2010லதான் திரும்பக் கிடைச்சது. 1907ல இருந்து இருக்கற குன்னூருக்கே அந்த நிலைமைன்னா, ஜிஎம்பி தெரிஞ்ச ஆளுக்கு என்ன மதிப்புன்னு பார்த்துக்கங்க. சைன்ஸ் படிச்சவங்க இதை பேப்பர் வேலைன்னு ஒதுக்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

இப்ப படிப்பு

பிளஸ் டூல பயாலஜி இருக்கணும், கணக்கும் சேர்ந்து இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா இன்னிக்கு வைராலஜில பாதி டேட்டா. அதுக்கப்புறம் மூணு பெரிய வழி இருக்கு. பி.எஸ்சி மைக்ரோபயாலஜி, பயோடெக், பயோகெமிஸ்ட்ரி, சுவாலஜி எதுவா இருந்தாலும் சரி, பி.டெக் பயோடெக்கும் சரி. எம்.பி.பி.எஸ் முடிச்சு எம்.டி மைக்ரோபயாலஜி போறது ரெண்டாவது, இவங்களுக்கு நோயாளியும் டிரையலும் கைக்கெட்டற தூரத்துல இருக்கும். மூணாவதை யாரும் சொல்ல மாட்டாங்க, நான் அழுத்திச் சொல்றேன், பி.வி.எஸ்சி. கால்நடை டாக்டர்ங்க. நிபா வௌவால்ல இருந்து, ரேபிஸ் நாய்கிட்ட இருந்து, கியாசனூர் குரங்கு, உண்ணி வழியா, புதுசா கிளம்பற தொற்றுநோய்ல முக்கால்வாசி மிருகத்துக்கிட்ட இருந்துதான் வருது. நம்ம தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் சென்னைல இருக்கு, ராணிப்பேட்டைல மிருகங்களுக்கு தடுப்பூசி தயாரிக்கற அரசு நிறுவனமே இருக்கு. நீட் மார்க் எம்.பி.பி.எஸ்க்கு வரலைன்னு உடைஞ்சு போயி உக்காந்திருக்கற தம்பி தங்கச்சிங்க இதை ஒரு தடவை சீரியஸா யோசிங்க.

எம்.எஸ்சிக்கு, வைராலஜின்னே தனியா வேணும்னா புனே என்.ஐ.வி.ல (தேசிய வைராலஜி நிறுவனம்) இருக்கு, திருப்பதி எஸ்.வி. யுனிவர்சிட்டில இருக்கு. ஆனா வைராலஜின்னு பேர் இருக்கற எம்.எஸ்சிதான் வேணும்னு அடம் பிடிக்க வேண்டாம், நல்ல லேப் இருக்கற இடத்துல மைக்ரோபயாலஜியோ பயோடெக்கோ படிச்சுட்டு பிஎச்டில வைரஸுக்கு வந்தவங்கதான் அதிகம். சி.யு.இ.டி பி.ஜி, காட்-பி, ஜாம் இந்த மூணு என்ட்ரன்ஸையும் மூணாவது வருஷம் ஆரம்பத்துலயே பார்த்து வச்சுக்கங்க. நிறைய பேருக்கு இதெல்லாம் இருக்கறதே டிகிரி முடிச்ச பிறகுதான் தெரியுது, அப்ப ஒரு வருஷம் போயிடுது.

பிஎச்டி இல்லாம சொந்தமா வேக்ஸின் டிசைன் பண்ற இடத்துக்கு வர்றது கஷ்டம், தயாரிப்புலயும் தரக்கட்டுப்பாட்டுலயும் டிரையல்லயும் எம்.எஸ்சியோட நல்லா வளரலாம். பிஎச்டிக்கு சி.எஸ்.ஐ.ஆர் நெட், ஐ.சி.எம்.ஆர், டி.பி.டி.ன்னு தேர்வுகள் இருக்கு. இதுல ஜே.ஆர்.எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) எடுத்துட்டீங்கன்னா மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அஞ்சாறு வருஷம் அதுல ஓட்டணும். வீட்ல கடன் இருக்கு, தங்கச்சி கல்யாணம் இருக்குன்னா இதை முன்னாடியே அப்பா அம்மாகிட்ட உக்காந்து பேசிடுங்க, "டாக்டர் பட்டம் வாங்கறான், சம்பளம் எங்க"ன்னு சொந்தக்காரங்க கேக்கறப்ப அவங்கதான் பதில் சொல்லப் போறாங்க. அந்த ஸ்டைபெண்டும் மாசா மாசம் கரெக்டா வரும்னு நினைக்காதீங்க, சில சமயம் மொத்தமா வரும், அதனால மூணு மாசச் செலவைக் கைல வச்சுக்கங்க.

கை வேலை

இங்கதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. வைரஸ் தனியா வளராது, அதுக்கு உயிருள்ள செல் வேணும், அதனால வைராலஜிஸ்ட் முதல்ல ஒரு நல்ல செல் கல்ச்சர் ஆளா இருக்கணும். 1962ல ஜப்பான்ல ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கோட கிட்னில இருந்து எடுத்த வீரோ செல்தான் இன்னிக்கு வரைக்கும் உலகத்துல நிறைய தடுப்பூசிக்கு ஆதாரம், போலியோ, ரேபிஸ், நம்ம கோவாக்ஸின் எல்லாம் அதுல வளர்த்ததுதான். அந்த செல்லை 37 டிகிரில, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுல, குழந்தைக்குப் பால் மாத்தற மாதிரி ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை மீடியா (செல் வளர்ற சத்து திரவம்) மாத்தி, ஃபிளாஸ்க் நிறைஞ்சா பிரிச்சுப் போட்டு வளர்க்கணும். பொங்கல் லீவு, தீபாவளி லீவெல்லாம் செல்லுக்குக் கிடையாது.

என் பிஎச்டி ரெண்டாவது வருஷத்துல நடந்ததைச் சொல்றேன். எல்லா எக்ஸ்பெரிமென்ட்டும் அழகா வந்துட்டு இருந்தது, திடீர்னு ரிசல்ட் ஒரு நாள் ஒரு மாதிரி இன்னொரு நாள் ஒரு மாதிரி வர ஆரம்பிச்சது. மைக்ரோஸ்கோப்ல செல் நல்லாத்தான் தெரிஞ்சது. கடைசில டெஸ்ட் பண்ணிப் பார்த்தா மைகோபிளாஸ்மா, கண்ணுக்கே தெரியாத பாக்டீரியா, வேற லேப்ல இருந்து வாங்கின செல்லோட உள்ள வந்திருக்கு. அஞ்சு மாச டேட்டாவைத் தூக்கிப் போட்டோம், இன்குபேட்டரை மொத்தமா கழுவி, லிக்விட் நைட்ரஜன்ல உறைய வச்சிருந்த பழைய செல் குப்பியை எடுத்து முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். அன்னிக்குல இருந்து எந்த செல் உள்ள வந்தாலும் தனி இன்குபேட்டர்ல வச்சு டெஸ்ட் பண்ணாம மத்த செல் பக்கத்துல விடறதில்ல. நீங்களும் இந்தப் பழக்கத்தை முதல் நாள்லயே பிடிச்சுக்கங்க.

அடுத்து கத்துக்க வேண்டியது அளக்கறது. பிளாக் அஸ்ஸேன்னு ஒண்ணு, செல் பரப்புல வைரஸ் கொன்ன இடமெல்லாம் ஓட்டை ஓட்டையா தெரியும், அதை எண்ணி எவ்வளவு உயிருள்ள வைரஸ் இருக்குன்னு சொல்றது. நியூட்ரலைசேஷன்னு ஒண்ணு, ஊசி போட்டவர் ரத்தத்துல இருந்து எடுத்த சீரத்தை வைரஸோட கலந்து, எவ்வளவு நீர்த்தாலும் வைரஸைத் தடுக்குதுன்னு பார்க்கறது. ஒரு வேக்ஸின் வேலை செய்யுதா இல்லையாங்கறதுக்கு முதல் சாட்சி பெரும்பாலும் இந்த டெஸ்ட்தான். எலைசா, ஆர்டி-பிசிஆர், ஃபுளோ சைட்டோமெட்ரி, ஜீன் குளோனிங், கூடவே ஸ்டாடிஸ்டிக்ஸும், பைத்தான் இல்லன்னா ஆர் (R)னு ஒரு புரோகிராமிங் மொழியும் கொஞ்சம் வேணும். ஸ்டாடிஸ்டிக்ஸைத் தள்ளிப் போடாதீங்க ப்ளீஸ், எத்தனை எலி வேணும்னு கணக்குப் போடத் தெரியாம எக்ஸ்பெரிமென்ட் ஆரம்பிக்கறது அந்த மிருகங்களுக்கும் பண்ற அநியாயம்.

பயம் பத்தி எல்லாரும் கேப்பாங்க, அதையும் சொல்லிடறேன். லேப்ல பாதுகாப்புக்குன்னு நாலு லெவல் இருக்கு, பி.எஸ்.எல்-1ல இருந்து 4 வரைக்கும். எபோலா, நிபா மாதிரி வைரஸோட உயிரோட வேலை பண்ணணும்னா பி.எஸ்.எல்-4, அங்கதான் காத்தடைச்ச முழு உடுப்பு, வெளிய வர்றப்ப கெமிக்கல் ஷவர் எல்லாம். இந்தியால புனே என்.ஐ.வி.ல இருக்கு, உலகத்துலயே இந்த மாதிரி லேப் கம்மி. ஆனா கொல்ற வைரஸுக்கு வேக்ஸின் பண்ற நிறைய பேர் வாழ்க்கைல ஒரு தடவை கூட அதுக்குள்ள போனதில்ல. வைரஸோட மேல்புரதத்தை மட்டும் தனியா செஞ்சு, இல்லன்னா ஆபத்தில்லாத வைரஸுக்கு அந்த மேல்புரதத்தைப் போர்த்தி விட்டு, போலி வைரஸா வச்சு, சாதாரண பி.எஸ்.எல்-2 லேப்லயே பெரும்பகுதி வேலை முடிஞ்சிடும், கடைசிப் பரீட்சைக்கு மட்டும்தான் உள்ள இருக்கறவங்ககிட்ட அனுப்புவாங்க. அதனால பி.எஸ்.எல்-4 இல்லாத ஊர்ல இருக்கோமேன்னு கவலைப்படாதீங்க. பி.எஸ்.எல்-3க்குள்ள போற நாள் வந்தா, அவசரப்படற நாள்ல, தூங்காத நாள்ல, வீட்ல சண்டை போட்டுட்டு வந்த நாள்ல உள்ள போகாதீங்க, சூப்பர்வைசர் கேட்டாலும் "இன்னிக்கு வேண்டாம் சார்"னு சொல்லுங்க. நல்ல சூப்பர்வைசர் அதுக்குக் கோபப்பட மாட்டார்.

எந்த வைரஸ், எந்த லேப்

எய்ட்ஸ் வைரஸை எடுத்துக்கங்க. 1986ல சென்னை மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க ஸ்டூடன்ட் நிர்மலாவும்தான் இந்தியால எச்.ஐ.வி. இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது, நிர்மலா ரத்த சாம்பிளை ரயில்ல வேலூருக்குக் கொண்டு போயி சி.எம்.சி.ல டெஸ்ட் பண்ணாங்க. கிட்டத்தட்ட 40 வருஷம் ஆச்சு, உலகத்துல எவ்வளவோ மூளை, எவ்வளவோ பணம், இன்னும் தடுப்பூசி கிடையாது. அது வேகமா மாறுது, நம்ம ஜீனுக்குள்ளயே போயி ஒளிஞ்சுக்குது. அதே சமயம் குழந்தைங்க நுரையீரலைத் தாக்கற ஆர்.எஸ்.வி.ங்கற வைரஸோட கதை வேற. 1966ல அமெரிக்கால ஃபார்மலின்ல கொன்ன வைரஸை வச்சு குழந்தைகளுக்கு ஊசி போட்டாங்க, அப்புறம் நிஜ வைரஸ் வந்தப்ப ஊசி போட்ட குழந்தைங்களுக்கு நோய் இன்னும் மோசமாச்சு, ரெண்டு குழந்தைங்க இறந்து போச்சு. அந்தத் துறையே பல வருஷம் உறைஞ்சு போச்சு. 2013ல ஜேசன் மெக்லெலன், பார்னி கிரஹாம்னு ரெண்டு விஞ்ஞானிங்க, அந்த வைரஸோட மேல்புரதம் செல்லோட ஒட்டறதுக்கு முன்னாடி எந்த வடிவத்துல இருக்குன்னு படம் பிடிச்சாங்க, அந்த வடிவத்தைத்தான் காட்டணும்னு புரிஞ்சது, 2023ல வேக்ஸின் வந்துடுச்சு. அந்தக் குழந்தைங்க ரெண்டு பேரை இந்த வேலைல இருக்கற யாரும் மறக்கக் கூடாது. பாதுகாப்பு டெஸ்ட் ஏன் இவ்வளவு நாள் இழுக்குதுன்னு எரிச்சல் வர்றப்பல்லாம் நான் அவங்களைத்தான் நினைச்சுக்குவேன்.

அதனால பிரபலமான வைரஸா பார்த்து ஓடாதீங்க. நிபாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டுல 2024 ஜனவரிலதான் அவங்க தடுப்பூசியை முதல்முதலா மனுஷங்களுக்குப் போட்டாங்க, 1998ல மலேசியால வந்த நோய், 2018ல கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் 17 பேரைக் கொன்ன நோய். கியாசனூர் காட்டு நோய்க்கு இருந்த பழைய தடுப்பூசி சரியா காப்பாத்தலைன்னு நிறுத்திட்டாங்க. டெங்குக்கு ஐ.சி.எம்.ஆரும் பனேசியா பயோடெக்கும் சேர்ந்து 2024 ஆகஸ்ட்ல மூணாம் கட்ட டிரையல் ஆரம்பிச்சாங்க. நம்ம மண்ணுல இருக்கற நோய்க்கு நாமதான் பண்ணணும், வெளியூர்க்காரங்க வந்து பண்ணுவாங்கன்னு உக்காந்திருந்தா அது வின்னிபெக் ஃப்ரீசர் மாதிரிதான் ஆகும்.

லேப் செலக்ட் பண்றப்ப ப்ரொஃபசரோட பேப்பர் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் சேராதீங்க. அங்க இருக்கற சீனியர் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட தனியா பேசுங்க, எத்தனை வருஷத்துல முடிக்கறாங்க, பாதியில விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர், தப்பு நடந்தா சொல்ல முடியுதா, ரியேஜென்ட் வாங்கக் காசு இருக்கா, பொண்ணுங்க ராத்திரி வேலை பண்ணா திரும்பிப் போக வண்டி இருக்கா. இதெல்லாம் கேக்கறது மரியாதைக் குறைவு இல்ல. ஆறு வருஷ வாழ்க்கை அது.

பிஎச்டிக்கு அப்புறம் போஸ்ட்டாக், வெளிநாடு போறதுன்னா போங்க, ஆனா திரும்பி வர்றதுக்கும் ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப், இந்தியா அலையன்ஸ் மாதிரி வழி இருக்குங்கறதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. கோவிட் எம்ஆர்என்ஏ வேக்ஸினுக்கு அடித்தளம் போட்ட விஞ்ஞானி கேட்டலின் கரிக்கோவை 1995ல அவங்க யுனிவர்சிட்டில பதவி இறக்கினாங்க, எம்ஆர்என்ஏ ஐடியாவுக்கு யாரும் காசு தரல, 2023ல அவங்களுக்கும் கூட வேலை பண்ண ட்ரூ வைஸ்மனுக்கும் நோபல். கிராண்ட் கிடைக்காத வருஷத்துல நம்பிக்கைக்கு இந்தக் கதை நல்லதுதான், ஆனா இதை வச்சு வாழ்க்கையைத் திட்டம் போடாதீங்க, அவங்களை மாதிரி பிடிவாதமா இருந்தும் பேர் வராமப் போனவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க. நாலு வருஷம் ஒரே ஐடியா நகரலைன்னா தயாரிப்புப் பக்கமோ டிரையல் பக்கமோ மாறிப் போறது தோல்வி இல்ல, அதே தேரோட இன்னொரு வடம்தான் அது.

இப்ப நீங்க டிகிரி படிச்சிட்டு இருந்தீங்கன்னா பண்ணக்கூடியது ரெண்டு இருக்கு. இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தற கோடைகால ஃபெல்லோஷிப்புக்கு வருஷக் கடைசி வாக்குல அப்ளிகேஷன் வரும், அதைப் போடுங்க. இன்னொண்ணை இந்த மாசமே பண்ணலாம், நேரா லேபுக்கு மெயில் எழுதுங்க. "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்"னு ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்க. அவங்க சமீபத்திய பேப்பர் ஒண்ணை முழுசாப் படிங்க, புரியாத இடத்துல நின்னு திரும்பப் படிங்க, அதுல உங்களுக்கு நிஜமா வந்த ஒரு கேள்வியை ரெண்டு வரில எழுதுங்க, உங்களுக்கு என்ன தெரியும், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும் வரமுடியும்னு எழுதுங்க, ஒரு பக்க ரெஸ்யூமை வைங்க. இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் பரவாயில்ல, கேள்வி உங்களோடதா இருக்கணும். மூணு வாரம் பதில் வரலைன்னா ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கும் வரலைன்னா அடுத்த லேபோட பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பிங்க.